லோடு தோசை

தோசைக்கரண்டியைக் காணோம். கல்லு காஞ்சு லேசாப் புகைய ஆரம்பிச்சிருச்சு, மாவுச்சட்டி வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கு, கரண்டிய மட்டும் காணோம். ஒரு மாசம் ஊர்ல இல்லேன்னா ஒரு கரண்டிகூட நம்ம சொல்பேச்சுக் கேக்காது போலருக்குன்னு கார்த்தீஸ்வரி பல்லைக் கடிச்சுக்கிட்டு, கழுவுற தொட்டியில தேடுனா, தட்டு ஸ்டாண்டுல தேடுனா, கடைசியில பாத்தா சன்னலுக்குப் பக்கத்துல புதுசா ஒரு ஆணி, ஆணியில கரண்டி, சாமி படம் மாதிரித் தொங்குது. யாரு அடிச்ச ஆணி? வேற யாரு, அவ புருசன் அழகுராஜா அடிச்ச ஆணிதான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க, ஒரே ஒரு ஆணி அடிச்சுக் குடுங்கன்னு அவ கரடியாக் கத்தியிருக்கா. அப்பல்லாம் சுத்தியல் இல்ல, ஆணி இல்ல, ஹவுசிங் போர்டு செவுரு, ஆணி அடிச்சா மேல்மாடி கீழ வந்துரும். அவ சென்னைக்கு ரயிலேறுனதும் சுத்தியல் வந்துருச்சு, ஆணி வந்துருச்சு, செவுரும் சொன்னபடி கேட்டுருச்சு. சரி, கரண்டியவாவது பிசுக்கோட வச்சிருக்கானான்னு தடவிப் பாத்தா. அதையும் பளிச்சுன்னு வெளக்கி வச்சிருந்தான். அதுதான் இன்னும் எரிச்சல். அழுக்கா இருந்தா வாய் நெறைய வையலாம், சுத்தமா இருக்குற கரண்டிய என்னன்னு சொல்லி வைய?

விடியக்காலம் செருப்பை மாட்டும்போது அவன் சொல்லிட்டுப் போனது வேற காதுலயே நிக்குது. அவனுக்கு லாரி புக்கிங் ஆபீசுல வேலை. குடோன்ல சரக்கு வந்து நிக்குதுன்னு போன் வந்துச்சு, கிளம்பிட்டான். "ஏ புள்ள, பாப்பாவுக்கு லோடு தோசை ஊத்திக் குடுத்துரு. சின்னச் சின்னதா ஊத்து. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும், ஒண்ணும் பயப்படாத"ன்னு சொல்லிட்டுப் போனான். பயப்படாதயாமுல்ல! யாரு யாரப் பாத்துச் சொல்றது? செமந்து பெத்தவளப் பாத்து, பால் குடுத்தவளப் பாத்து, பல்லு மொளைக்கையில ராவெல்லாம் தோள்ல போட்டு நடந்தவளப் பாத்து, நேத்து மொளைச்ச ஆளு பயப்படாதன்னு சொல்லுது. அது என்ன பெரிய லோடு தோசை? கல்லுல பிள்ளை உள்ளங்கை அகலத்துக்கு நாலஞ்சு தோசைய ஒண்ணா ஊத்தி, எண்ணெயில கொழச்ச பொடியத் தடவிச் சுருட்டி, தட்டுல ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குனா அதுக்குப் பேரு லோடு தோசையாம். மாவு என்னமோ தெருமுனைக் கடை மாவு, பொடி அவ வறுத்து அரைச்சு டப்பாவுல போட்டுட்டுப் போன பொடி. பேரு மட்டும் அவனோடது. பேரு வச்சவன் சொல்றதத்தான் ஊரு கேக்கும்.

பொறாமைன்னு சொன்னா கார்த்தீஸ்வரி சண்டைக்கு வருவா. வேற என்ன பேரு வைக்கிறது இதுக்கு? அடுத்த வீட்டுக்காரி சேலையைப் பாத்துப் பொறாமப்படலாம், நாத்தனா கழுத்தப் பாத்துப் பொறாமப்படலாம், அதெல்லாம் ஊருலகத்துல உள்ளது. சொந்தப் புருசன் சொந்தப் பிள்ளைக்கு நாலு வாய் ஊட்டுனத நெனச்சு வயிறு எரியிறவள எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? அவளுக்கே வெக்கமாத்தான் இருந்துச்சு. அதனாலதான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லாதது உள்ளயே கெடந்து மாவு மாதிரிப் பொங்கிக்கிட்டிருந்துச்சு. பிள்ளைக்கு நாலு வயசு முடிஞ்சிருக்கு, பேரு தன்ஷிகா, இந்த நாலு வருசத்துல ஒரு காலையாவது அவ நிம்மதியா ஊட்டியிருப்பாளா? ராகியில ஒண்ணு, பீட்ரூட்டுல ஒண்ணு, நேந்திரம்பழத்த அவிச்சு மசிச்சு ஒண்ணு. ஐந்தே நிமிடத்தில் குட்டீசுக்கு அசத்தலான டிபன்னு போன்ல ஒருத்தி நகப்பாலிசு போட்ட கையோட செஞ்சு காமிப்பா, அவ பின்னாடி சுத்தமான அடுப்பு இருக்கும், அவ பிள்ளையும் ஆன்னு வாயத் தொறக்கும். அத அப்படியே செஞ்சு கொண்டுபோய் நீட்டுனா தன்ஷிகா உதட்ட ஒட்டிக்கிரும். காக்கா பாரு, பூனை பாரு, தண்ணித்தொட்டி மோட்டார் பாருன்னு தட்டும் கையுமா மாடிப்படி எறங்கி ஏறி, ஒரு வாய் உள்ள போகும், போனது கன்னத்துலயே கெடக்கும், வேன்காரன் ஆரன் அடிப்பான், அவ ஒரு அதட்டு அதட்டுவா, பிள்ளை அழுகும், அழுகையில வாய் தொறக்கும்ல, அப்ப ஒரு வாயத் திணிப்பா. அப்படித் திணிச்ச காலையெல்லாம் வேன் போனப்புறம் படியில உக்காந்து அவளும் அழுதிருக்கா. அப்ப அழகுராஜா உள்ள ஷேவிங் பண்ணிக்கிட்டிருப்பான். பசிச்சாத் தானாச் சாப்பிடுவா விடுன்னு கண்ணாடியப் பாத்துச் சொல்லுவான்.

கல்லுல தண்ணியத் தெளிச்சா, சுர்ருன்னுச்சு. ஃபிரிட்ஜுல துருவி வச்ச கேரட்டும் சீஸும் இருக்கு, நேத்து ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் திருடி மாதிரித் துருவி வச்சது. லோடு தோசை ஊத்தணுமாம்ல, ஊத்துறேன் பாரு. முயல் தோசை ஊத்தப்போறா அவ. காது ரெண்டு, உடம்பு ஒண்ணு, கேரட்டுல மூக்கு. மொத வாய்க்கே பிள்ளை சொக்கிப் போகணும், அப்பா தோசைய மறந்து போகணும், சாயங்காலம் அவன் வந்ததும் பிள்ளை ஓடிப்போய், அப்பா உனக்கு முயல் தெரியாதேன்னு சொல்லணும். அத நெனைக்கயில தித்திப்பா இருந்துச்சு. தித்திச்ச கையோட கரண்டி சாஞ்சு ஒரு காது இன்னொரு காதோட ஒட்டி, முயலு பாதி, ஆமை பாதியா ஒண்ணு கல்லுல கெடந்துச்சு. ஆத்தி, இதென்ன கோலம்! சுரண்டி எடுத்தா மூக்கு கல்லோட நின்னுருச்சு. சீஸ் கருகுன வாசம் வந்ததும் எங்கயோ ஹாஸ்டல் ஞாபகம் வந்துச்சு. தாம்பரத்துல ஒரு மாசம் தங்கியிருந்த அந்த ஹாஸ்டல்ல காலையில தெனம் ஏதோ ஒண்ணு கருகும்.

கூட்டுறவுப் பண்டகசாலை ஆபீசுல எழுத்தர் வேலை கெடச்சு, மொத ஒரு மாசம் சென்னையில பயிற்சின்னு அனுப்புனாங்க. போகவே மாட்டேன்னுதான் சொன்னா. பிள்ளைக்கு யாரு ஊட்டுவா? நான் பாத்துக்கிறேன்னு அழகுராஜா சொன்னப்ப சிரிச்சா. மனசுக்குள்ள, பாரு, மூணாம் நாளே போன் பண்ணி, தாயே முடியலம்மா, ஓடி வந்துருன்னு கெஞ்சப் போறன்னு நெனச்சா. நெனைச்சது மட்டுமில்ல, காத்திருந்தா. மொத நாள் போன் போட்டு, சாப்பிட்டாளான்னு கேட்டா, கொஞ்சம்போலன்னான். மறுநா கேட்டா, பரவால்லன்னான். அந்த வாரக் கடைசியில கேட்டா, "அதெல்லாம் எப்பவோ முடிச்சாச்சு, தட்டக்கூடக் கழுவியாச்சு"ன்னான். நல்லதாப் போச்சுங்கன்னு வாய் சொல்லுச்சு. வயித்துல மட்டும் யாரோ மொளகாயக் கிள்ளிப் போட்ட மாதிரி இருந்துச்சு. ஒருநாள் பாத்து வீடியோவுல காலையிலயே கூப்பிட்டா. போனைச் சொம்புல சாத்தி வச்சுட்டு அப்பனும் மகளும் தட்டும் கையுமா உக்காந்திருந்தாங்க. தன்ஷிகா அவளைப் பாக்கவே இல்ல. "பாடாலூர்!"னுச்சு, ஆன்னு வாயத் தொறந்துச்சு, ஒரு உருண்டை போச்சு. "பெரம்பலூர்!"னுச்சு, மறுபடியும் வாய், மறுபடியும் ஒரு உருண்டை. அது என்னங்க பாடாலூருன்னு இவ கேக்க, அதுக்குள்ள சிக்னல் போச்சு. ராத்திரி கேட்டப்ப, "லாரி போற ரூட்டு புள்ள, சும்மா வெளாட்டு"ன்னு சிரிச்சான். ஆபீசத் தூக்கிக்கிட்டு வந்து தட்டுல வச்சுட்டான் மனுசன். அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரோடு இருக்கு, ரோட்டுல ஊரு இருக்கு. பெத்தவளுக்கு அதுல ஒரு பஸ் ஸ்டாப்புகூட இல்ல. அன்னிக்குப் பூரா வகுப்புல வாத்தியார் கரும்பலகையில எழுதுனதெல்லாம் அவளுக்குப் பாடாலூர் பாடாலூர்னுதான் தெரிஞ்சுச்சு.

பக்கத்துக் கட்டில்ல செங்கோட்டைக்காரி ஒருத்தி இருந்தா, பேரு உச்சிமாகாளி. அவ பையன் தெனமும் போன்ல ஓன்னு அழுகுவான். வாம்மா வாம்மான்னு மூக்க உறிஞ்சுவான். உச்சிமாகாளி தலகாணிய வாயில அமுக்கிக்கிட்டு அழுகுவா. எல்லாரும் அவளுக்குத் தண்ணி குடுத்துத் தேத்துவாங்க. கார்த்தீஸ்வரியும் முதுகத் தடவி விடுவா. தடவுற கைக்குத் தெரியாம மனசு சொல்லும், குடுத்து வச்சவடி நீ, உம் பிள்ளை உனக்காக அழுகுது. இப்படி ஒரு நெனப்பு ஒரு தாய்க்கு வரலாமா? வந்துச்சே. போன்ல தன்ஷிகாகிட்ட, அம்மாவத் தேடுதாடா தங்கம்னு கேட்டா, கேட்டுட்டு மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. பிள்ளை உதட்டக் கடிச்சுக்கிட்டு, "இல்ல"ன்னு சொல்லும். சொல்லிட்டு அப்பா முகத்தப் பாக்கும். அப்பா, சபாஷ்னு சொல்லுவான். என்ன சபாஷ் வேண்டிக் கெடக்கு அதுக்கு?

ரெண்டாவது முயலும் சரியா வரல. மூணாவத ஊத்தப் பொறுமையில்ல. பொறுமை இல்லாதவளுக்கு எதுக்கு முயலுன்னு வட்டமா ரெண்டு தோசைய ஊத்திக் கேரட்டத் தூவி எடுத்தா. நேத்து நடந்ததும் இப்படித்தான் கோணிக்கிருச்சு. ஞாயித்துக்கெழமை காலையில ஆட்டோவுல வந்து எறங்குறா, வெளியில நெறைய வெயில், மனசு நெறைய ஆசை, ஓடி வந்து காலக் கட்டிக்கிரும்னு பையக் கீழ போட்டுட்டு ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறா. பிள்ளை கதவுக்குப் பின்னாடி ஒரு கண்ண மட்டும் வச்சுக்கிட்டுப் பாக்குது. விருந்தாளியப் பாக்குற பார்வை. அப்பா போ போன்னதும்தான் வந்துச்சு. வந்து, இவ கன்னத்த ஒரு விரலால தொட்டுப் பாத்துட்டுத் திரும்பப் போயிருச்சு. தலைய வேற புதுசா ரெண்டு கொண்டை போட்டு விட்டிருந்தான், அதுவும் கோணலில்லாம. கீழ்வீட்டு மெர்சி அக்கா அந்த நேரம் பாத்து வந்துச்சு. "ஏய் கார்த்தி, உம் புருசனுக்குக் கோயில் கட்டிக் கும்புடணும்டி. இந்த ஒரு மாசத்துல இந்தப் பிள்ளை சத்தம் கேட்டிருப்போமா? நீ இருக்கையில காலையானா கட்டடமே நடுங்கும். மனுசன் பொசுக்குன்னு ஊட்டி, பொசுக்குன்னு வேன்ல ஏத்திர்றாரு"ன்னுச்சு. சிரிச்சா கார்த்தீஸ்வரி. சிரிக்காம என்ன செய்ய? நாலு வருசம் ஊட்டுனவளுக்கு ஊர்ல ஒரு வார்த்தை இல்ல, நாலு வாரம் ஊட்டுனவனுக்குக் கோயிலு. அவ ஊட்டுனா கடமை, அவன் ஊட்டுனா தியாகம். எரியுதா இல்லையா? மத்தியானம் கறிக்கொழம்பு, சாயங்காலம் மாமியா வீட்டாளுக வந்துட்டாங்க, ராத்திரி பிள்ளை அப்பன் நெஞ்சு மேல குப்புறக் கெடந்து தூங்கிருச்சு. இவ இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துச் செவுத்தப் பாத்துக்கிட்டு, உப்புக்குச் சப்பாணியா ஆயிட்டமேன்னு நெனச்சா. சின்னப் பிள்ளையில வெளாடும்போது அவுட்டே கெடையாதுன்னு ஒரு பிள்ளைய ஓரமாச் சேத்துக்கிருவாங்களே, அது ஓடும், யாரும் தொரத்த மாட்டாங்க. அப்படி.

"அம்மா." கூப்பிட்டது தன்ஷிகா. எழுப்பப் போகாமலே எந்திரிச்சு வந்து சமையக்கட்டு வாசல்ல நிக்குது. பல்லு வெளக்கியாச்சு, மூஞ்சி கழுவியாச்சு, யூனிபாரத்த அதுவே முன்னும் பின்னும் மாத்தி மாட்டி, பட்டன் முதுகுல இருக்கு. ஆத்தாடி, இதுக்கெல்லாம் முந்தி எத்தனை அடம். கழட்டித் திருப்பிப் போட்டு விடுறப்ப பிள்ளை மேல அப்பன் சோப்பு வாசம் அடிச்சுச்சு. ஒரு பொட்டுக்கூடத் தன்னோட வாசம் இல்லையேன்னு கழுத்துல மூக்க வச்சு உறிஞ்சுனா, கூச்சத்துல அது நெளிஞ்சுச்சு. அப்ப பிள்ளை கண்ணு போன எடத்த இவ கவனிக்கல. இவ கட்டியிருந்த கஞ்சி போட்ட சேலையையும், நாற்காலியில மாட்டியிருந்த ஆபீஸ் பையையும் அது மாறி மாறிப் பாத்துச்சு. பாத்துட்டு ஒண்ணும் பேசாமப் போய்த் தரையில சம்மணம் போட்டு உக்காந்துச்சு. இவ தட்ட வச்சா. "இது என்ன தெரியுமா? கேரட் தோசை. அம்மா ஸ்பெசல்"ன்னா. குரல்ல அந்த நகப்பாலிசுக்காரி வந்து உக்காந்துக்கிட்டா. தன்ஷிகா தோசையப் பாத்துச்சு, பணிவா, "இது வேணாம். லோடு தோசை"ன்னுச்சு. ஒரு வாய் தின்னு பாரு. "லோடு தோசை." சீஸ் இருக்கு தங்கம். "லோடு தோசைம்மா." கத்தல, தட்டத் தள்ளல, கால உதறல. கேட்ட சாமான் கெடைக்கிற வரைக்கும் கவுண்டர்ல பொறுமையா நிக்கிற பெரிய மனுசி மாதிரி உக்காந்திருக்கு. பழைய தன்ஷிகாவா இருந்தா இந்நேரம் தட்டு பறந்திருக்கும். அந்தப் பழையவளுக்காக ஏங்குனா இவ. கல்லை மறுபடியும் ஏத்துனா. சின்னச் சின்னதா ஊத்து. ஊத்துனா. அவன் சொல்லிக் குடுத்தத அவன் ஆணியில தொங்குன கரண்டியால ஊத்தி, பொடியத் தடவிச் சுருட்டி அடுக்குனா. கண்ணு கரிச்சுச்சு. பொகைன்னு சொல்லிக்கிட்டா.

"ஊட்டி விடவா?" "ஊட்ட வேணாம், லோடு ஏத்து." அதுக்கும் ஒரு பேரு. சரின்னு ஒரு சுருளை எடுத்து நீட்டுனா, பிள்ளை வாயத் தொறக்காம இவ முகத்தையே பாத்துச்சு. "ஊரு சொல்லணும்"னுச்சு. இவளுக்குத் தெரிஞ்ச ரோட்ட யோசிச்சா. "மேலூர்." வாய் தொறந்துச்சு! லபக்குன்னு வாங்கி, கன்னத்துல அடக்காம, மென்னு முழுங்கிருச்சு. ஏ சாமி, என்ன அழகா முழுங்குது! வச்ச கண்ணு வாங்காமப் பாத்தவ, சட்டுன்னு பயந்து கண்ணத் தாழ்த்திக்கிட்டா. பெத்தவ கண்ணுதான் மொதல்ல படும்பாங்க, அதுலயும் இது எரியிற கண்ணு. "கொட்டாம்பட்டி"ன்னு பிள்ளையே சொல்லி வாயத் தொறந்துச்சு. "துவரங்குறிச்சி." அந்த ற-வ எங்க படிச்சுச்சோ, நாக்க மடிச்சு அழுத்திச் சொல்லுது. "விராலிமலை." வாய். "திருச்சி." திருச்சிக்குத் தண்ணி குடிக்கணுமாம், குடிச்சுச்சு. இவ்வளவுதானா? நாலு வருசம் மாடிப்படி எறங்கி ஏறுனதுக்கு மருந்து இந்த ரோட்டுல கெடந்துச்சா? அவன் கண்டுபிடிச்சான், நான் கண்டுபிடிக்கல. அப்பத்தான் அந்தப் பொல்லாத புத்தி வந்துச்சு அவளுக்கு. இந்த லாரி இவன் ரோட்டுலயேதான் ஓடணுமா? அவ பெறந்த ஊரு மானாமதுரை. அங்கிட்டுத் திருப்பி விட்டா என்ன? அம்மா ரோடு ஒண்ணு போட்டா என்ன? அடுத்த சுருளை எடுத்து, கொஞ்சலா, "மானாமதுரை!"ன்னா.

தன்ஷிகா வாய் மூடிக்கிருச்சு. மூடுனது மட்டுமில்ல, மூஞ்சி வெளிறிப் போச்சு. "வேணாம். வழி தப்பு"ன்னுச்சு. அட, சும்மாடி, அங்கயும் லாரி போகும். "வேணாம்மா. அங்குட்டுப் போகக் கூடாது. லாரி எங்கயோ போயிரும்மா. திருச்சிக்குத் திரும்பு." வெளாட்டுல பேசுற பேச்சு இல்ல அது. கண்ணு ரெண்டும் குளமாயிருச்சு, கீழுதடு துடிச்சுச்சு. இந்தா வந்துருச்சு, அழுகப் போகுதுன்னு இவ குனிஞ்சு பாத்தா, ஒரு மாசமா ஏங்குன அழுகை இந்தா உதட்டு மேல நிக்குது. ஆனா அது வரல. பிள்ளை பல்லக் கடிச்சு, தொண்டைய ஒரு இழு இழுத்து, அத முழுங்கிருச்சு. தோசைய முழுங்குனாப்பலயே முழுங்கிருச்சு. நாலு வயசுப் பிள்ளை அழுகைய முழுங்கிப் பாத்திருக்கீங்களா? கழுத்து நரம்பு தெரிஞ்சுச்சு. கார்த்தீஸ்வரிக்குப் பொறாமையெல்லாம் எங்கிட்டோ போயி, வெறும் பயம் மட்டும் வந்து உக்காந்துச்சு. என்னத்தப் பழக்கி வச்சிருக்கான் இந்தப் பிள்ளைய? "சரிடா, சரிடா, திருச்சி, திருச்சிக்கே திரும்பியாச்சு"ன்னா. "பாடாலூர்"னு சன்னமா சொல்லி வாயத் தொறந்துச்சு. பெரம்பலூர். தொழுதூர். உளுந்தூர்பேட்டை. இவ கை ஊட்டிக்கிட்டே இருந்துச்சு, கண்ணு அந்தக் கழுத்த விட்டு வரல. விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு. தட்டுல ஒரே ஒரு சுருள் மிச்சம். அத எடுத்துக்கிட்டுக் காத்திருந்தா.

"அம்மா"ன்னுச்சு பிள்ளை. "என்னடா தங்கம்?"னு இவ குனிஞ்சா. பிள்ளை வாயத் தொறந்தபடி இருந்துச்சு. "என்ன, சொல்லு." "அம்மா." "அதான் என்னன்னு கேக்குறேன்ல." தன்ஷிகா பொறுமையிழந்து தலைய ஆட்டுச்சு. "உன்னைய இல்ல. ஊரு. கடைசி ஊரு, அம்மா." கையில சுருள் அப்படியே நின்னுருச்சு. ரயில்லயே போய் ரயில்லயே வந்தவளுக்கு ரோட்டுல என்னென்ன ஊரு வரும்னு தெரியாது. செங்கல்பட்டுத் தாண்டுனா தாம்பரம்னு மட்டும் தெரியும். அவ கெடந்தது தாம்பரத்துல. "அந்த ஊருக்குப் போனா என்ன வரும் பாப்பா?" மெல்லக் கேட்டா. "அம்மா லாரியில ஏறிரும். அப்பா சொல்லுச்சு. எல்லா ஊரும் போகணும். ஒரு ஊருகூட விடக் கூடாது. அழுதா டயரு பஞ்சராயிரும். லாரி நின்னுரும். அம்மா வராது." சொல்லிட்டு, வாயத் தொறந்துச்சு. மறுபடியும் அந்தப் பையப் பாத்துச்சு, இவ சேலையப் பாத்துச்சு. ஒரு மாசமா இவ எந்த ரோட்ட நெனச்சு வயிறெரிஞ்சாளோ, அந்த ரோட்டுல தெனம் காலையில இந்தப் பிள்ளை ஒவ்வொரு ஊராத் தின்னுக்கிட்டு இவளத் தேடி வந்திருக்கு. படுபாவி, இத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மனுசா! இத நெனச்சா நான் பொருமுனேன்?

"இன்னைக்கும் போறியா?"ன்னுச்சு தன்ஷிகா. ஆபீசுக்குத்தாண்டா, இங்கதான், நம்ம ஊர்லதான். "சாயங்காலம் வருவியா?" வருவேன். "ராத்திரிக்கு இருப்பியா?" இருப்பேன். "நாளைக்கு?" இருப்பேன்டி, எங்கயும் போக மாட்டேன், உன்னைய விட்டுட்டு இனிமே எந்த ஊருக்கும் போக மாட்டேன். பிள்ளை கடைசிச் சுருளை வாங்கல. அதத் தட்டுலயே வைக்கச் சொன்னுச்சு. அப்புறம் பெரியவங்ககிட்ட அனுமதி கேக்குற மாதிரி, "அப்ப இனிமே அழுகலாமா?"ன்னு கேட்டுச்சு.

அழுடி என் ராசாத்தின்னு தலைய ஆட்டுனா. ஆட்டுனதுதான் தாமசம். மடை தொறந்த மாதிரி வந்துச்சு அழுகை. ஒரு மாசத்து அழுகை, காலைக்கொண்ணாச் சேத்து வச்ச அழுகை. காலை உதறிக்கிட்டு, கஞ்சிச் சேலையெல்லாம் பொடியையும் எச்சியையும் இழுவிக்கிட்டு, "ஏன் போன, ஏன் போன"ன்னு இவ நெஞ்சுலயே குத்திக் குத்தி அழுதுச்சு. தட்டு ஒரு உதையில அடுப்படி வரைக்கும் போச்சு. கீழ வேன்காரன் ஆரன் அடிச்சான். மறுபடியும் அடிச்சான். மெர்சி அக்கா படியில நின்னு, ஏய் கார்த்தி, வேனுன்னு கத்துச்சு. போகட்டும் வேனுன்னு இவ இங்கருந்தே கத்துனா. பிள்ளைய மடியில போட்டு ஆட்டிக்கிட்டு, மூக்கத் தொடச்சுக்கிட்டு, இன்னும் அழு, இன்னும் அழுன்னு சொல்லிச் சொல்லி, அவளும் சத்தமா அழுதா. பசியோட இருந்தவனுக்கு எல போட்ட மாதிரி இருந்துச்சு அந்த அழுகை.

போன் அடிச்சுச்சு. அழகுராஜா. "என்ன, சாப்பிட்டாளா? வேன் ஏறிட்டாளா?" இல்லைங்கன்னா. "என்ன புள்ள சத்தம் அங்க?" "பாப்பா அழுகுறா"ன்னா. அத அவ சொன்ன தோரணையக் கேட்டிருந்தா, பிள்ளை மொதப் பரிசு வாங்கிட்டான்னு சொல்ற மாதிரி இருந்திருக்கும் உங்களுக்கு. அந்தப் பக்கம் குடோன்ல ஏதோ லாரி பின்னாடி எடுக்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் மெதுவா, "எங்கிட்ட ஒரு நாள்கூட அழுகலையே புள்ள அவ"ன்னான். அந்தக் குரல்ல இருந்தது என்னன்னு அவளுக்குத் தெரியாதா? ஒரு மாசம் அவ வயித்துல கெடந்ததாச்சே அது. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் அந்தப் பெருமைய அவளால அடக்க முடியல. போனை எடுத்து, கத்திக்கிட்டிருந்த பிள்ளை வாய்க்குப் பக்கத்துல கொண்டுபோய்ப் பிடிச்சா.